எழுதாத ஊருக்கு யார் சாட்சி?

வத்தல்மலைக்கு நான் முதலில் போனபோது பஸ் கிடையாது. அடிவாரத்திலிருந்து நடைதான். சீக்கு வந்தவர்களைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். இப்போது ரோடு இருக்கிறது. 2022-இல் அரசு பஸ்ஸும் வந்துவிட்டது. பால்சிலம்பு, சின்னங்காடு, பெரியூர், ஒன்றியங்காடு என்று சின்னச் சின்ன ஊர்கள். சாமை, ராகி, காபி, மிளகு. இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல, நம் மலைக்காரர்கள்.

ஒரு பெரியவரிடம் கேட்டேன்: "தாத்தா, இந்த ஊரு எப்ப உண்டாச்சு?"

"அதோ இடுகாட்டப் பாரு தம்பி. எங்க தாத்தனுக்குத் தாத்தன் அங்கதான் கெடக்கறான். அதவிட என்னா கணக்கு வேணும் உனக்கு?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்தது தப்பு என்று புரியப் பல வருஷம் ஆயிற்று.

இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1538-இலிருந்து அங்கே ஒவ்வொரு சர்ச்சிலும் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு. கூலிக்காரன் பெயரும் அதில் ஏறியது. இன்றைக்கு அந்த ஊர்க்காரன் நானூறு வருஷத்துக்கு முன்னால் செத்த பாட்டனைப் பெயர் சொல்லித் தேடி எடுக்கிறான், ஊர் வரலாறு என்று புத்தகம் போடுகிறான். நம்ம பாட்டனுக்கு? கோயில் கல்வெட்டில் தானம் கொடுத்தவன் பெயர் இருக்கும். ஏரி வெட்டியவன் பெயர் இருக்காது.

ஆனால் அந்த இங்கிலாந்திலும் ஏழைக்குப் பிறந்ததற்கும் செத்ததற்கும்தான் பதிவு இருந்தது, பிழைத்ததற்கு இல்லை. ஊர்ப் பொது நிலத்தில் மாடு மேய்த்ததும் விறகு பொறுக்கியதும் வழக்கம், அவ்வளவுதான். 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கருக்கு வேலி கட்டினார்கள். பத்திரம் வைத்திருந்தவனுக்குப் பங்கு கிடைத்தது. வழக்கத்தை மட்டும் வைத்திருந்தவனில் பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை. தன் ஊர் ஏழையை வேலிக்கு வெளியே நிறுத்திய அதே ஆட்சிதான் 1882-இல் சென்னை வனச் சட்டம் கொண்டுவந்து நம் காட்டுக்கும் எல்லை போட்டது. எழுத்து இல்லாதவன் அங்கேயும் தோற்றான், இங்கேயும் தோற்றான்.

சரி, மலையைப் பற்றி எழுதப்பட்டது என்ன? காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்களாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். வேளாளர்களாம். தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட சாதித் தொகுப்பிலும் இந்தக் கதை அச்சேறிவிட்டது. மலையில் அவர்கள் கட்டிக்கொண்ட பெண்கள் கைக்கோளர், வேடர், தேவேந்திரர் குலத்தவர்கள் என்று அதிலேயே ஒரு வடிவம் சொல்கிறது. அண்ணன் தம்பிக்குப் பெயர் உண்டு, பெண்டுகளுக்கு இல்லை. தகப்பன் வழியை மட்டும் பிடித்துக்கொண்டு மேல்சாதி என்று சொல்லிக்கொள்வதற்குப் பெயர் வரலாறா? தாய் வழியைப் பிடித்தால் மலையும் சேரியும் உறவுமுறை ஆகிவிடும். அதனால்தான் தாய்க்குப் பெயர் வைக்கவில்லை.

"இது மலைக்காரங்க சமாச்சாரம், நமக்கென்ன?" என்று கேட்கிற தோழர்களுக்குச் சொல்கிறேன். இதே தர்மபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், 1992 ஜூன் 20-இல் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து ஊரை நாசமாக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். சர்க்கார் காகிதம் ஒன்றும் நடக்கவில்லை என்றது. மலையாளிப் பெண்களின் வாய் நடந்ததைச் சொன்னது. 2011-இல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023-இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காகிதம் பொய், வாய் நிஜம் என்று ஆக 19 வருஷம் பிடித்தது. சும்மா ஆகவில்லை, இயக்கமாக நின்றதால் ஆனது.

இன்னொன்று. 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் எவை சாட்சியம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பழைய கிணறு, இடுகாடு, சாமி இடம், பெரியவர்கள் சொல்லி எழுதிவைத்த வாக்குமூலம் எல்லாம் அதில் அடக்கம். நான் சிரித்த இடுகாடு இன்றைக்குச் சட்டப்படி ஆவணம்! ஆனால் 2008-இல் வந்த கோர்ட் உத்தரவால் தமிழ்நாட்டில் 2016 வரை உரிமைப் பட்டா கொடுப்பது முடங்கிக் கிடந்தது. அந்த எட்டு வருஷத்தில் எத்தனை பெரியவர்கள் செத்திருப்பார்கள்? ஒவ்வொருவரும் சாகும்போது ஒரு சாட்சியும் சேர்ந்து புதைகிறது.

அதற்காக ஊரை மெச்சி எழுதச் சொல்லவில்லை. இந்தியக் கிராமங்களைக் குட்டிக் குடியரசுகள் என்று புகழ்ந்தவர் மெட்காஃப் என்கிற வெள்ளைக்கார அதிகாரி. 1948 நவம்பர் 4-இல் அரசியல் நிர்ணய சபையில் அந்தப் புகழ்ச்சியை எடுத்து வைத்துக்கொண்டு அண்ணல் அம்பேத்கர் கிழித்தார். அதை மறந்துவிட்டு எழுதினால் நாமும் தலபுராணம்தான் எழுதுவோம். கிணறு வெட்டியவன் யார் என்று எழுதும்போது, அதில் தண்ணி எடுக்கக் கூடாதென்று விரட்டப்பட்டவள் யார் என்றும் எழுத வேண்டும். பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொன்னவனை எழுதினால், ஓரத்தில் நின்றவளையும் எழுத வேண்டும்.

பெரிய ஆராய்ச்சி வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று, படித்த பிள்ளை ஒருத்தி, கிழவிகள் நாலு பேர். இடுகாடு எங்கே, அதற்குப் போகிற பாதை யார் நிலத்தில் மறிக்கப்பட்டது, எந்தக் காடு எப்போது கைவிட்டுப் போனது, தூளியில் இறக்கும்போது வழியில் செத்தது யார். எழுதி, கிராம சபையில் உரக்கப் படித்து, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி வையுங்கள். மலையிலும் செய்யலாம், சேரியிலும் செய்யலாம்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவரும் அந்த இடுகாட்டில்தான் இருக்கிறார். அவர் சொன்னதை நான் அன்றைக்கு எழுதி வைக்கவில்லை. நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.