பாலம் கால் கிலோமீட்டர், நடை பத்து கிலோமீட்டர்

பிள்ளைகளைப் பார்க்க சிங்கப்பூர் போகும் நம் வயதுக்காரர்களுக்கு நான் தவறாமல் சொல்வது ஒன்று: ஓர் அரை நாளைக் காட்டுக்கு ஒதுக்குங்கள். ஷாப்பிங் மால் நம்மூரிலும் வந்துவிட்டது. ஊருக்கு நடுவே மழைக்காடு எங்கே இருக்கிறது? கிண்டியில் இருப்பது வறண்ட நிலக் காடு. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்கோ பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். அந்த நீர்த்தேக்கம் 1868இல் கட்டி முடிக்கப்பட்டது. தண்ணீருக்காகச் சுற்றுப்புறத்தைப் பாதுகாத்ததால் காடும் பிழைத்தது.

இந்தப் பேச்சை எடுத்தாலே வீடு இரண்டு கட்சியாகிவிடும். "உங்களால் முடியாதுப்பா" என்பார்கள் பிள்ளைகள். "நாங்கள் நடக்காத நடையா?" என்போம் நாம். இரண்டுமே கணக்குப் பார்க்காத பேச்சு.

கணக்கு இதுதான். எல்லாரும் ஆசைப்படும் அந்தத் தொங்கு பாலம் 250 மீட்டர் நீளம். தரையிலிருந்து 25 மீட்டர் வரை உயரம். படத்தில் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் பூங்காவின் முன்வாசலிலிருந்து போய்த் திரும்பச் சுமார் 10 கிலோமீட்டர், மேடும் பள்ளமும் வேரும் படிகளுமாக. பாலமோ ஒருவழிப் பாதை. பாதியில் தலை சுற்றினாலும் முன்னால்தான் போக வேண்டும். ஆகவே முடியுமா முடியாதா என்பதை முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். பாலத்தில் கால் வைத்த பிறகு யோசித்துப் பயனில்லை. சாதாரணத் திங்கட்கிழமைகளில் பாலம் மூடியிருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி இது: திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். காலை ஏழரைக்குக் கிளம்பினால், ஒன்பது மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். பாதிப் பலம் கையிலிருக்கும்போதே திரும்புவதுதான் அரை நாள் பயணம். மதியத்துக்கு மேல் அங்கே இடி மின்னலோடு மழை பிடித்துக்கொள்ளும். தண்ணீர், மாத்திரை, நல்ல பிடிப்புள்ள ஷூ போதும். தின்பண்டத்தை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் தொங்கவிடாதீர்கள். குரங்குகள் குறி வைத்துவிடும். இரக்கப்பட்டு அவற்றுக்குத் தீனி போட்டாலும் அபராதம்தான்.

பாலம் வேண்டாம் என்பவர்களுக்கு நீரோரமாகவே மரப்பலகைப் பாதை இருக்கிறது. ஒரு மணி நேரம் மெல்ல நடந்தாலும் அது காடுதான்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்காக நீங்களே "வேண்டாம்" என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடவே போய், அவர்கள் வேகத்துக்கு நடந்து பாருங்கள்.