எரிந்த வீடுகளில் ஏன் பேய் இல்லை?

கொழும்பில் பேய்க்கதைக்குப் பஞ்சமில்லை. பொரளை கனத்தை மயானத்து மதிலோரம் நடுச்சாமத்தில் கைகாட்டும் வெள்ளைச் சேலைக்காரி, கைக்குழந்தையோடு வழிமறிக்கும் மோகினி என்று இரவில் ஓடும் ஓட்டோக்காரர் எவரைக் கேட்டாலும் ஒன்றாவது சொல்வார். ஆனால் ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் 1983 ஜூலையில் எரிந்த வீடுகளைப் பற்றி ஒரு பேய்க்கதையைக்கூட நான் கேட்டதில்லை. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இலக்கம் பார்த்துப் பார்த்து எரித்த தமிழர் வீடுகள் அவை. அந்த வளவுகள் பலவற்றில் இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன. கலவரம் பற்றிப் பெரியவர்கள் கதைப்பார்கள். யார் வீட்டில் ஒளித்திருந்தோம், எந்தப் பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தோம், எப்போது கப்பலேறினோம் என்றெல்லாம் சொல்வார்கள். செத்தவர்கள் திரும்பி வந்ததாக மட்டும் யாரும் சொல்வதில்லை.

சில மாதங்களாக நான் இருண்ட கதைகளையே தேடித் தேடிப் படித்து வந்தேன். பேய், பிணம், வதை, காணாமற்போதல் எல்லாம் கலந்த வாசிப்பு. அதில் என்னை விடாமல் துரத்திய கேள்வி இதுதான்: இவ்வளவு துர்மரணங்களைக் கண்ட ஒரு சமூகம், பேய்க்கதையை ஏன் இரண்டாந்தரச் சரக்காக ஒதுக்கி வைத்திருக்கிறது?

ஷெஹான் கருணாதிலகவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்தா' 2022இல் புக்கர் பரிசு பெற்ற நாவல். அதற்கு முன்பே, 2020இல், 'சாட்ஸ் வித் த டெட்' என்ற பெயரில் அதன் முந்தைய வடிவம் இந்தியாவில் வெளிவந்திருந்தது. போர்ப் புகைப்படக்காரன் மாலி கண்விழிக்கும்போதே செத்துப்போயிருக்கிறான். மேலுலகம் ஒரு வருமானவரி அலுவலகம் மாதிரி: வரிசை, படிவம், பதில் சொல்லத் தெரியாத உத்தியோகத்தர்கள். தன்னைக் கொன்றது யார் என்று அறியவும், ஒளித்து வைத்த படங்களை உலகுக்குக் காட்டவும் அவனுக்கு ஏழு நிலாக்கள் தவணை. அவனுடைய உடல் பேரை வாவியில் கிடக்கிறது. 1990 பெப்ரவரியில் கடத்தப்பட்டு, மொரட்டுவைக் கரையில் பிணமாக ஒதுங்கிய பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவை நினைக்காமல் இந்த நாவலைப் படித்து முடிக்க முடியாது. மாலியை வழிநடத்த வரும் ராணி ஸ்ரீதரன் என்ற டாக்டரில் ரஜனி திராணகமவின் சாயல் தெளிவாகவே தெரிகிறது. 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட மனித உரிமைச் செயற்பாட்டாளர் ரஜனி.

கருணாதிலக செய்தது பெரிய காரியம். ஜேவிபி கலவரத்தில் செத்தவன், புலிகள் கொன்றவர், அரச படை கொன்றவன் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார். உயிரோடு இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கத் துணியாத கேள்விகளை அங்கே செத்தவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். பழிவாங்கு என்று சேன என்ற ஆவி ஒரு பக்கம் இழுக்கிறான், மறந்துவிட்டு ஒளிக்குள் போ என்று ராணி மறுபக்கம் இழுக்கிறார். இந்த நாட்டின் எழுபது வருட அரசியல் விவாதமே அந்த இழுபறிக்குள் இருக்கிறது. எனக்கு உள்ள குறை ஒன்று: கதையின் கண் கடைசிவரை கொழும்பு மேட்டுக்குடியின் கண்ணாகவே இருக்கிறது. மாலியின் கமரா வடக்குக்கும் கிழக்குக்கும் போகிறது, அவனுடைய ஆவி கொழும்பிலேயே சுற்றுகிறது. வன்னியில் செத்தவர்களின் பேய்கள் என்ன கதைக்கும் என்பதை அந்த நாவல் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

உலகம் இந்த வழியில் வெகுதூரம் போய்விட்டது. ஆர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி ஆயிரக்கணக்கானோரைக் காணாமலாக்கியது. அந்த மண்ணிலிருந்து வந்த மரியானா என்ரிக்கேஸ் 2019இல் எழுதிய பெரிய நாவலில், இருளை வழிபடும் ஒரு பணக்காரக் கும்பலுக்கு அந்தக் காலமே வசதியாகிறது. ஆட்கள் மறையும் நாட்டில் இன்னும் சிலர் மறைந்தால் யார் தேடப்போகிறார்கள்? தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங், 1980இல் குவாங்ஜூவில் கொல்லப்பட்ட ஒரு பையனின் ஆவியைப் பேசவிடுகிறார். குவித்து வைத்த பிணங்களுக்கு நடுவே தன் உடலைத் தானே பார்த்துக்கொண்டு அது பேசுகிறது. நான் படித்தவற்றில் என்னை இரவு தூங்கவிடாத பக்கங்கள் அவைதான்.

தமிழுக்கு வருவோம். நவீனத் தமிழ்ப் பேய்க்கதையின் உச்சம் இன்றும் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'தான். 1943இல் வந்த கதை. வேலைக்கு வந்து சேரும் ஒரு பிச்சைக்காரி, இரவில் வீட்டுக்குள் எழும் பிணவாடை, படித்த மனிதனின் அறிவு தடுமாறும் இடம். விளக்கம் எதுவும் தராமல் கதை நின்றுவிடுகிறது, அதனாலேயே பயம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு பி.டி. சாமியின் மலிவுவிலைப் பேய் நாவல்களும், இந்திரா சௌந்தர்ராஜனின் அமானுஷ்யத் தொடர்களும் இரண்டு தலைமுறையை வாசிக்க வைத்தன. அவற்றை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் அவற்றின் பேய்க்குக் குடும்பப் பழி உண்டு, குலதெய்வக் கோபம் உண்டு, வரலாறு கிடையாது. ஜெயமோகனின் 'நிழல்வெளிக்கதைகள்' மொழியால் உயர்ந்தது, நாட்டார் மரபை நன்றாகப் பயன்படுத்துகிறது. அங்கும் என் கேள்விக்கு விடை இல்லை.

போரும் பேயும் தமிழுக்குப் புதிதல்ல. 12ஆம் நூற்றாண்டுக் கலிங்கத்துப்பரணியில் பசித்த பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன, பிறகு போர்க்களத்துக்குப் போய்ப் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. எந்தப் பயங்கர எழுத்தாளனும் பொறாமைப்படக்கூடிய கற்பனை அது. ஆனால் செயங்கொண்டாரின் பேய்கள் வென்றவனின் பேய்கள். வயிறு நிறைந்ததும் அவை குலோத்துங்கனை வாழ்த்துகின்றன. கலிங்கத்தில் வெட்டுண்டு கிடப்பவனுக்கு அங்கே குரல் இல்லை, அவன் கூழுக்கு அரிசி மட்டுமே. தோற்றுச் செத்தவன் பேசும் பரணி ஒன்று தமிழில் இன்னும் எழுதப்படவில்லை.

ஈழத்துப் போரெழுத்தில் பயங்கரம் குறைவு என்று சொல்லமாட்டேன். ஷோபாசக்தியின் 'ம்' வெலிக்கடைச் சிறைக்குள் நம்மைக் கொண்டுபோகிறது. 1983 ஜூலை 25இலும் 27இலும் 53 தமிழ்க் கைதிகள் அங்கே கொல்லப்பட்டார்கள். அந்த நாவலின் மெய்யான இருட்டு அதற்கும் பிறகுதான் வருகிறது: வதைபட்டவனே ஐரோப்பாவில் தன் வீட்டுக்குள் வதைப்பவனாகிறான். அனுக் அருட்பிரகாசம் 2016இல் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவலின் தொடக்கத்தில், காயப்பட்ட ஒரு சிறுவனை முகாம் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறான் தினேஷ். மயக்கமருந்து இல்லாமல் அந்தச் சிறுவனின் கை வெட்டப்படுகிறது. அந்தப் பக்கங்களுக்கு முன்னால் எந்தப் பேய்ப்படமும் நிற்காது. ஆனாலும் இவர்களும், இவர்களைப் போன்ற பெரும்பாலானோரும் சாட்சி சொல்லும் கடமையைத் தலையில் சுமந்தே எழுதினார்கள். நடந்ததை நடந்தது என்று உலகம் ஒப்புக்கொள்ளாதபோது கற்பனையைக் கலக்க யாருக்குத் துணிவு வரும்? பேய் என்று எழுதினால், எல்லாமே கட்டுக்கதை என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும் என்ற அச்சம் நியாயமானது.

அதைவிடப் பாரமான காரணம் இன்னொன்று. பேய் என்றால் ஆள் செத்தாகிவிட்டது என்று பொருள். எங்களிடையே செத்தவருக்கு எட்டுச் செலவு உண்டு, 31ஆம் நாள் அந்தியேட்டி உண்டு, கீரிமலையில் சாம்பல் கரைப்பது உண்டு. காணாமலாக்கப்பட்டவருக்கு இவற்றில் எதுவும் செய்ய முடியாது, செய்தால் மகன் இல்லை என்று தாயே தீர்ப்பெழுதியதாகிவிடும். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் போராடிவரும் தாய்மார், மரணச் சான்றிதழும் வேண்டாம், இழப்பீட்டுக் காசும் வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். அவர்களிடம் போய் உன் பிள்ளையின் ஆவி பேசுகிறது என்று எந்த எழுத்தாளனும் சொல்லக்கூடாது.

எரிந்த வீடுகளைப் பற்றி நாங்கள் பேய்க்கதை சொல்லாததற்குக் காரணம் மறதி அல்ல, இந்த மரியாதையும் பயமும்தான் என்று இப்போது நினைக்கிறேன். என்றாலும் மௌனம் மட்டுமே மரியாதை ஆகாது. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டத் தோண்ட, இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றில் ஒரு குழந்தையினுடையது நீலநிறப் பள்ளிப்பையோடும் பொம்மையோடும் கிடந்தது. அந்த ஆகஸ்டில், மீட்கப்பட்ட உடுப்புகளையும் பொருட்களையும் சனங்கள் வந்து அடையாளம் காட்டும்படி வரிசையாகப் பரப்பி வைத்தார்கள். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனவர்கள், தங்களுடையது இருக்கவேண்டும் என்றும் இருக்கக்கூடாது என்றும் ஒரே நேரத்தில் வேண்டியிருப்பார்கள். செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாத அந்த நிலைதான் எங்கள் பயங்கரம். அதற்கு மோகினியும் பொருந்தாது, தமிழ்ப்படத்தின் நகைச்சுவைப் பேயும் பொருந்தாது. புதிதாக ஒரு உருவத்தை எங்கள் எழுத்தாளர்களே கண்டுபிடிக்கவேண்டும். வருமா வராதா என்று தெரியாத ஆவி, கதவு திறந்திருக்கும் வீடு, செய்யப்படாத அந்தியேட்டி: கதைக்கு இவ்வளவு போதும்.

வெள்ளவத்தையிலிருந்து வெளிவந்த 'ஞானம்' சஞ்சிகை 2012இல் தன் 150ஆவது இதழை ஈழத்துப் போர் இலக்கியச் சிறப்பிதழாகக் கொண்டுவந்தது. பெருந்தொகுப்பு அது, இன்றும் ஆய்வாளர்கள் கையில் இருக்கிறது. அதே கனத்தோடு ஈழத்துப் பேய்க்கதைகளுக்கு ஒரு சிறப்பிதழ் வரவேண்டும். இதழாசிரியர்கள் கேட்டால் எழுதக்கூடிய இளையவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள், வன்னியிலும் இருக்கிறார்கள். வந்தால் வாங்குங்கள். அதுவரை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 1983 ஜூலையைப் பற்றிக் கேட்கும்போது, யார் தப்பினார்கள் என்பதோடு நிறுத்தாமல், யார் திரும்பவில்லை என்றும் கேளுங்கள். பெயர்களை எழுதி வையுங்கள்.