தமிழின் மேல் பழி போடாதே!

பண்ணை வீட்டுப் பையனுக்கு வயது பத்து. வரப்பில் நின்றுகொண்டு, பாட்டன் வயதுள்ள உழைப்பாளியை "டேய், இங்கே வாடா" என்று கூப்பிடுகிறான். மில்லில் மேஸ்திரி, முப்பது வருஷம் தறி ஓட்டியவரைக் காட்டி "எங்கே போனான் அவன்?" என்று கேட்கிறார்.

தட்டிக் கேட்டால் என்ன பதில்? "தமிழ் வழக்கு அப்படி. இதற்கெல்லாம் கோபப்படலாமா?"

தோழர்களே, இது பாதி உண்மையை வைத்துச் சொல்லும் முழுப் பொய்.

உண்மை எது? ஆங்கிலத்தில் மானேஜர் வந்தாலும் குப்பை அள்ளுகிறவர் வந்தாலும் "ஹி கேம்" ஒன்றுதான். தமிழில் அப்படித் தப்ப முடியாது. 'வந்தான்' அல்லது 'வந்தார்', இரண்டில் ஒன்றைச் சொல்லியே தீரவேண்டும். எந்த மொழியிலும் எதையும் சொல்லலாம்; எதைச் சொல்லாமல் விட முடியாது என்பதில்தான் மொழிக்கு மொழி வேற்றுமை என்று ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியல் அறிஞர் 1959-ல் விளக்கினார். இவருக்கு மரியாதை உண்டா, இல்லையா என்று தமிழ் நம்மைக் கேட்கிறது.

பொய் எது? பதிலையும் தமிழே சொல்லுகிறது என்பது! கூலிக்காரனுக்கு 'ன்', பணக்காரருக்கு 'ர்' என்று எந்த இலக்கணத்தில் எழுதியிருக்கிறது? வயதுக்குத்தான் மரியாதை என்றால், நேற்றுச் சேர்ந்த இருபத்தைந்து வயது ஆபீசர் 'வந்தார்' ஆனது எப்படி? நரைத்த தலை 'வந்தான்' ஆனது எப்படி? பதில் சொல்லுவது பணமும் ஜாதியும். பழி மட்டும் தமிழ் மேல்!

ருஷ்ய மொழியிலும் நம் 'நீ', 'நீங்கள்' போல 'தி', 'வி' உண்டு. ஜார் காலத்தில் தொழிலாளிக்குக் கிடைத்தது 'தி'. 1912-ல் சைபீரியாவின் லேனா தங்கச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். எட்டு மணி நேர வேலை, கூலி உயர்வு, அபராத ஒழிப்பு ஆகியவற்றோடு, எங்களை 'வி' என்று அழைக்க வேண்டும் என்றும் கேட்டனர். ஏப்ரலில் ஜாரின் பட்டாளம் சுட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோரிக்கை மாளவில்லை. 1917 மார்ச்சில் பெட்ரோகிராட் சோவியத்தின் முதல் நம்பர் உத்தரவு, அதிகாரிகள் சிப்பாய்களை 'தி' என்று விளிப்பதைத் தடை செய்தது. இலக்கணத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பதில்தான் மாறியது.

"முதலில் வயிறு நிறையட்டும், மரியாதை அப்புறம்" என்போர் கவனிக்க வேண்டும்: லேனா தொழிலாளர் இரண்டையும் சேர்த்தே கேட்டனர். 'டா' போட்டுப் பழகிய வாய்க்குக் கூலியைக் குறைத்துச் சொல்லக் கூச்சம் இராது.

கடைசியாக, நம் வாய்க்கு வருவோம். மில் வாசலைக் கூட்டும் அம்மாளை நாம் 'வந்தாள்' என்கிறோமா, 'வந்தார்' என்கிறோமா? மேலே மேஸ்திரி 'கேட்கிறார்' என்றுதான் நாமும் எழுதினோம். பழக்கம்! அந்த 'ர்' இந்த அம்மாளுக்கும் உரியது. எசமானனிடம் நாம் கேட்கும் மரியாதையை, பக்கத்தில் நின்று உழைப்பவருக்கு முதலில் நாம் கொடுப்போம். பிறகு கேட்கும் குரலுக்கு வலு இருக்கும்!