ஜோடி போதாது, கூட்டம் வேண்டும்

மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,



பூங்காக்களை அங்கீகரிப்பதற்கான விதிகளில் நல்ல மனத்தோடு எழுதப்பட்ட ஒன்று உண்டு. தக்க காரணமில்லாமல் எந்த விலங்கையும் ஓராண்டுக்கு மேல் துணையின்றி வைத்திருக்கக் கூடாது. துணை கிடைக்காவிட்டால் வேறிடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். 1992-இல் வகுக்கப்பட்ட விதிகளிலேயே இது இடம்பெற்றது. தனிமையில் வாடிய பல விலங்குகளுக்கு இது நன்மை செய்திருக்கும். ஆனால் சிம்பன்சி விஷயத்தில் இதே விதி நம்மைப் பொய்யாகச் சமாதானப்படுத்துகிறது. ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று ஒரு பூங்கா நினைத்துக்கொள்ள இடம் தருகிறது. சிம்பன்சிக்கு ஜோடி போதாது, கூட்டம் வேண்டும். இதைப் பூங்காக்கள் புரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. அதற்குள் எத்தனையோ உயிர்கள் கூண்டுக்குள்ளேயே முடிந்துபோயின.

லண்டன் பூங்காவுக்கு முதல் சிம்பன்சி வந்தது 1835-இல். டாமி என்று பெயரிட்டு, மாலுமிச் சட்டை மாட்டிவிட்டார்கள். ஊர் கூடிப் பார்த்தது. மறு ஆண்டே அது இறந்தது. அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய குட்டிகள் பலவற்றின் கதையும் இதுதான். குளிரும் நெஞ்சுச்சளியும் கொண்டுபோயின. குட்டியை உயிரோடு பிடிக்கத் தாயைச் சுட்டுவிடுவது அந்த வணிகத்தின் வழக்கம். ஒன்று செத்தால் இன்னொன்று வரும் என்ற தைரியத்தில், இவை பிறந்து வளர என்ன தேவை என்று யாரும் யோசிக்கவில்லை.

மனிதர் வளர்ப்பில் பிறந்த முதல் சிம்பன்சி என்று பதிவாகியிருப்பது அனுமா. 1915 ஏப்ரல் 27 அன்று, கியூபாவின் ஹவானாவில், ரொசாலியா அப்ரேயு என்ற செல்வச் சீமாட்டியின் தோட்டத்தில் பிறந்தது. பெரும் பூங்காக்களால் முடியாதது அங்கே எப்படி நடந்தது? அவர் பல குரங்குகளைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் வளர்த்தவர். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் 1924-இல் அங்கே போய்த் தங்கிப் படித்துவிட்டு வந்தார். லண்டன் பூங்காவிலோ 1935-இல்தான் முதல் குட்டி பிறந்தது. டாமி வந்து சரியாக நூறு ஆண்டுகள்!

அதே லண்டனில் 1926 முதல் 1972 வரை கோடையில் சிம்பன்சி தேநீர் விருந்து நடந்தது. தாயில்லாக் குட்டிகளை மேசையில் உட்காரவைத்து, கோப்பையும் தட்டும் கொடுத்துக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார்கள். குட்டி வளர்ந்து வலுத்ததும் அந்த வேலைக்கு ஆகாது. மனிதரோடு வளர்ந்த அதற்குத் தன் இனத்தோடு பழகவும் தெரியாது. குட்டியை எப்படி ஏந்த வேண்டும், எப்போது பால் கொடுக்க வேண்டும் என்பதைச் சிம்பன்சிப் பெண் மற்றத் தாய்மார்களைப் பார்த்துத்தான் கற்கிறது. அதைப் பார்க்காமல் வளர்ந்தவள் பெற்ற குட்டியைக் கண்டு மிரளுகிறாள், கீழே போட்டுவிடுகிறாள். உடனே பராமரிப்பாளர் குட்டியை எடுத்துப் புட்டிப்பால் கொடுக்கிறார். அந்தக் குட்டியும் வளர்ந்து அதே போல ஆகிறது.

இந்தச் சங்கிலியை அறுத்த இடங்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நெதர்லாந்தின் ஆர்னெம் நகரிலுள்ள பர்கர்ஸ் பூங்கா. ஜான் வான் ஹூஃப், ஆன்டன் வான் ஹூஃப் என்ற சகோதரர்கள் 1971-இல் அங்கே ஒரு கூட்டத்தையே உருவாக்கத் துணிந்தார்கள். அகழி சூழ்ந்த, ஏறத்தாழ இரண்டு ஏக்கர் தீவு. வெவ்வேறு இடங்களிலிருந்து சேர்த்த இருபதுக்கும் மேற்பட்ட சிம்பன்சிகள். குளிர்காலத்துக்கு ஒரு பெரிய கூடம். பல ஆண்களை ஒன்றாக விட்டால் அடித்துக்கொண்டு சாகும் என்று பலரும் அஞ்சிய காலம் அது. 1975-இல் அங்கே வந்த இளம் ஆய்வாளர் ஃபிரான்ஸ் டி வால் கண்டது வேறு. சண்டை நடந்தது. சற்று நேரத்தில் சண்டையிட்டவர்களே கட்டியணைத்துச் சமாதானமும் ஆனார்கள். மாமா என்ற மூத்த பெண் இருவருக்கும் நடுவே நின்று பஞ்சாயத்துப் பேசுவாள்.

அங்கே குய்ஃப் என்றொரு பெண். பால் போதாமல் பெற்ற குட்டிகளை இழந்தவள். குரோம் என்பவளுக்கோ காது கேட்காது. குட்டி அழுவது தெரியாமல் பறிகொடுத்தவள். 1979-இல் குரோம் ஈன்ற ரோஸ்யே என்ற குட்டியைப் பராமரிப்பாளர்கள் எடுத்தார்கள். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, புட்டியைப் பிடிக்க குய்ஃபுக்குப் பழக்கினார்கள். பிறகு ரோஸ்யேயை அவளிடமே ஒப்படைத்தார்கள். அவள் வளர்த்தாள். பின்னாளில் தன் குட்டிகளையும் அப்படியே புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். பூங்கா வரலாற்றில் என்னை இவ்வளவு நெகிழவைத்த செய்தி வேறில்லை. குட்டி பிழைத்தது, கூட்டத்தை விட்டும் பிரியவில்லை.

ஆர்னெமை நான் சொர்க்கமாக்கிக் காட்டவில்லை. 1980-இல் லூயிட் என்ற தலைமை ஆணை மற்ற இரு ஆண்கள் கடித்துக் குதறிக் கொன்றன. ஆனால் அது எங்கே நடந்தது என்று பாருங்கள். தீவில் அல்ல; மூன்று ஆண்களும் மட்டும் இருந்த இரவுக் கூண்டில். தடுக்கப் பெண்கள் இல்லை, ஓட இடமில்லை. கூட்டம் என்று நான் கேட்கும்போது, ஒதுங்கிக்கொள்ளப் பல அறைகளும், விலக்கிவிடப் பெண்களும் உள்ள கூட்டத்தையே கேட்கிறேன்.

ஜோடி முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. காட்டில் ஆண் பிறந்த கூட்டத்திலேயே இருக்கிறது. பெண் பருவமடைந்ததும் வேறு கூட்டத்துக்குப் போகிறாள். குட்டி நான்கைந்து ஆண்டு பால் குடிக்கிறது, அதன் பிறகும் தாயை ஒட்டியே திரிகிறது. ஒரே அடைப்பில் ஒரு ஜோடி பெருகினால் மகள் போக இடமில்லை. தகப்பனோடும் அண்ணனோடும் அடைந்து கிடக்க வேண்டும். இடநெருக்கடியில் நாம் செய்வதோ தலைகீழ். மகனைப் பிரித்து வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறோம்.

மரபணுவையும் மறந்துவிடக் கூடாது. சிம்பன்சியில் நான்கு துணையினங்கள். மேற்கு ஆப்பிரிக்கத் துணையினம் 2016 முதல் மிக அபாயப் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பியப் பூங்காக்கள் தங்களிடமுள்ளவற்றின் மரபணுவைச் சோதித்தபோது, பல தலைமுறைகளாகத் துணையினங்கள் கலந்துபோயிருந்தது தெரியவந்தது. கலப்புள்ளவற்றை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கினார்கள், வாழ்விடத்திலிருந்து விலக்கவில்லை. நம்மிடம் இருப்பவை எந்தத் துணையினம் என்று தெரியாமல் குட்டி பிறந்ததைப் பாதுகாப்பு வெற்றியாகக் கொண்டாடுவது முறையல்ல.

வெளியிலிருந்து கொண்டுவந்து எண்ணிக்கையை நிரப்பும் எண்ணத்தை அடியோடு கைவிடக் கோருகிறேன். 2019-இல் அமலாக்கத் துறை கொல்கத்தாவில் மூன்று சிம்பன்சிகளைக் கடத்தல்காரரின் சொத்து என்று முடக்கியது உங்களுக்குத் தெரிந்ததே. ஒவ்வொன்றுக்கும் 25 லட்ச ரூபாய் மதிப்பிட்டார்கள். அந்த விலை இருக்கும்வரை ஆப்பிரிக்கக் காட்டில் தாய்கள் சுடப்படுவார்கள். ஆவணம் சரியாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. 1977 முதல் சிம்பன்சியின் வணிகத்துக்குப் பன்னாட்டுத் தடை இருந்தும், பொய்ச் சான்றிதழ்களோடு கடத்தல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

வண்டலூர், மைசூரு, அலிப்பூர் என்று நம் பூங்காக்களில் சிதறிக் கிடப்பவற்றை ஓரிரு இடங்களில் கூட்டமாகச் சேர்க்கத் திட்டமிடுங்கள். ஒரே நாளில் கதவைத் திறந்துவிடச் சொல்லவில்லை. கம்பி வழியே மாதக்கணக்கில் பழக்கி, எந்தப் பெண் யாரோடு ஒட்டுகிறாள் என்று பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. வயது முதிர்ந்து, இடம் மாறினால் தாங்காது என்று மருத்துவர் சொல்லும் விலங்கை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். நடிகர் பெயர் சூட்டி, பிறந்தநாள் கேக் வெட்டி அதைக் காட்சிப்பொருளாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மிடம் இருப்பவற்றின் மரபணுவைச் சோதித்து, முடிவு வரும்வரை கருத்தடை செய்யுங்கள். எந்த ஊரில் சேர்ப்பது என்பதை மாநிலங்களின் கௌரவப் போட்டி தீர்மானிக்கக் கூடாது. பரப்பும் பராமரிப்பாளர்களின் அனுபவமும் தீர்மானிக்கட்டும்.

உங்கள் ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் இருப்புப் பட்டியலில் இப்போது ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று இருக்கிறது. அடுத்த பட்டியலில் சிம்பன்சிக்கு மட்டுமாவது இன்னொரு கட்டம் சேருங்கள்: இவற்றில் எத்தனை ஒரே அடைப்பில் சேர்ந்து வாழ்கின்றன என்று.

மரியாதையுடன்,
பூங்காவுக்குச் சீட்டு வாங்கிப் போகும் ஒரு பார்வையாளர்