'செமயா இருக்குடா' என்கிற பொய்

விழிதியூரில் எங்கள் செட்டில் முதலில் கிடார் வாங்கியவன் இப்போது கிடாரைத் தொடுவதில்லை. அதற்குக் காரணம் நாங்கள் நாலு பேர். அவனை யாரும் கேலி செய்யவில்லை, மட்டம் தட்டவில்லை. பாராட்டினோம். அவ்வளவுதான் செய்தோம்.

முதல் சம்பளத்தில் ஆன்லைனில் ஆர்டர் போட்டு வாங்கிய கறுப்பு அக்கூஸ்டிக். பெட்டி பிரித்த அன்று சாயங்காலம் அவன் வீட்டுத் திண்ணையில் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தோம். நான் அதற்கு முன்பே மூன்று வருஷம் நிரவியில் ஓர் அண்ணனிடம் கற்றுக்கொண்டிருந்தேன். என் கைக்கு வந்து முதல் கார்டைப் பிடித்ததுமே தெரிந்துவிட்டது, கம்பி கட்டைக்கு மேலே எக்கச்சக்க உயரத்தில் நிற்கிறது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "செமயா இருக்குடா மாப்ள" என்றேன்.

அவன் எட்டு மாசம் முட்டி மோதினான். எஃப் கார்ட் வரவே இல்லை. ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்த வேண்டிய கார்ட் அது, எல்லோரும் ஒருமுறை தடுக்கி விழுகிற இடம். விரல் நுனி வெடித்து பிளாஸ்திரி போட்டுக்கொண்டு வாசித்தான். கடைசியில் ஒருநாள் சொன்னான்: "கிடார்ல ஒண்ணும் இல்லடா, நீங்கள்லாம் வாசிக்கிறீங்களே. எனக்குத்தான் கை வராது." கிடார் பரணுக்குப் போனது.

பொய்ப் பாராட்டு யாரையும் புண்படுத்தாது என்று நம்புகிறவர்கள் இந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படிக்க வேண்டும். கருவியில் குறை இல்லை என்று நாலு பேர் சத்தியம் செய்துவிட்டால், மிச்சமிருக்கிற ஒரே குற்றவாளி வாங்கியவன்தான். கிடாருக்கு நாங்கள் கொடுத்த நல்ல பெயரை அவன் கையிலிருந்து பிடுங்கித்தான் கொடுத்தோம்.

"ஆசைப்பட்டு வாங்கியிருக்கான், அவன் சந்தோஷத்தைக் கெடுக்கணுமா?" என்பார்கள். "இல்லாதப்பட்டவன் வாங்கினதைப் போயி குறை சொல்றது பாவம் இல்லையா?" என்பார்கள். இந்தக் கருணைதான் எனக்குப் பெரிய மோசடியாகத் தெரிகிறது. காசு உள்ளவனுக்கு நாம் உண்மை சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த மாசம் வேறொன்று வாங்கிக்கொள்வான். ஒரு தடவைக்கு மேல் வாங்க முடியாதவனுக்குத்தான் உண்மை உடனே தேவை. சந்தோஷத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, நாம் காப்பாற்றிக்கொள்வது அந்தச் சாயங்காலத்தின் சகஜத்தை. சொன்னால் அவன் முகம் சுருங்கும், அதைப் பார்க்க நமக்குத் தைரியம் இல்லை. இதற்குப் பெயர் அன்பு இல்லை.

இதைப் படித்துவிட்டு, "நான் எப்பவுமே மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன்பா" என்று ஒருத்தர் துள்ளிக்கொண்டு வருவார். அவரும் கொஞ்சம் உட்காரட்டும். எல்லா ஊரிலும் இவர் உண்டு. கிடாரைக் கையில் வாங்காமலே தலைப்பலகையில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு கிடாரா? ரோஸ்வுட் இல்லையா?" என்பார். இது விமர்சனம் இல்லை. விலைச்சீட்டை உரக்க வாசிப்பது.

2018இல் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பின்பலகையின் மரத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒரேமாதிரி செய்த ஆறு கிடார்கள். 52 பேர் கண்ணை மறைத்துக்கொண்டு வாசித்தார்கள். கிடைப்பதற்கரிய பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் மலிவான மரங்களுக்கும் கிடைத்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் பாப் டெய்லர் 1995இல், சரக்கு ஏற்றும் பலகைக் கட்டையில் ஒரு கிடாரே செய்து காட்டினார். கண்ணால் குறை கண்டுபிடிக்கிறவர் கண்ணை மூடினால் ஊமையாகிவிடுவார். நேர்மையான விமர்சனத்துக்குக் கையும் காதும் வேண்டும், கூடவே ஒரு ஸ்கேலும்.

ஸ்கேல் என்று சும்மா சொல்லவில்லை. போன வருஷம் நண்பனைக் கேட்டு அந்தக் கிடாரைப் பரணிலிருந்து இறக்கினேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், தடித்த கம்பிக்கு அடியில் சுமார் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் வாசிக்கச் சுகம். இதில் பத்து ரூபாய்க் காசு இரண்டை அடுக்கி நுழைத்தும் இடம் மிச்சம். கழுத்து முன்பக்கமாக வளைந்திருந்தது. நம் ஊர் ஈரக் காற்று வேறு. ஐப்பசி மழையில் மரம் ஊறி மேல்பலகை உப்பினால் கம்பி இன்னும் உயரும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை அல்லன் கீயால் முறுக்கி வளைவை எடுத்தேன். கம்பி உட்காரும் சின்ன வெள்ளைக் கட்டையைக் கழற்றி அடிப்பக்கம் உப்புத்தாளில் தேய்த்தேன். அங்கே 2 மில்லிமீட்டர் தேய்த்தால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் இறங்கும், அதுதான் கணக்கு. ஒரு சாயங்கால வேலை. எஃப் கார்ட் மணி மாதிரி கேட்டது.

விமர்சனம் என்றால் மேலைநாட்டு வழக்கம், நமக்கு அது ஒத்துவராது என்பவர்களுக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்கிற ஊர். அந்த நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்னால், பக்கத்துத் திருவாவடுதுறையில் ராஜரத்தினம் பிள்ளை இருந்தார். அப்போதைய நாகஸ்வரத்தில் சுத்த மத்யமம் தானாகச் சரியாக நிற்காது, வாசிப்பவர் மூச்சாலும் உதட்டாலும் சமாளிக்க வேண்டும். அவருக்கு அந்தச் சமாளிப்பு நன்றாகவே வரும். அவர் வாசித்துக் கேட்ட யாருக்கும் கருவியில் குறை தெரிந்திருக்காது. ஆனாலும் குறை குறைதான் என்று அவர் நினைத்தார். ரங்கநாதன் ஆசாரி என்ற கைவினைஞர் அதைத் தன் பரம்பரைக்கு விழுந்த அடியாக எடுத்துக்கொள்ளவில்லை, வேலையாக எடுத்துக்கொண்டார். 1955இல் சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசுகிற பாரி நாகஸ்வரம் பிறந்தது. அன்றைக்கு யாராவது "பிரமாதம் ஆசாரியாரே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் இன்றும் மூச்சைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டிருப்போம்.

கேட்கிறவனுக்கும் ஒரு வார்த்தை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு, சரி. ஆனால் கிடார் நீ பெற்ற குஞ்சு இல்லை, காசு கொடுத்து வாங்கிய பொருள். "கம்பி உயரமா இருக்கு" என்றால் கம்பி உயரமாக இருக்கிறது என்றுதான் அர்த்தம், நீ ஏமாளி என்று அர்த்தம் இல்லை. கோபம் வந்தால் ஒரு ராத்திரி வரட்டும். காலையில் எழுந்து அளந்து பார். சொன்னவன் தப்பாகச் சொல்லியிருந்தால் ஸ்கேலே அவனுக்குப் பதில் சொல்லிவிடும். சொல்கிறவனும் சொல்லிவிட்டுப் போய்விடக் கூடாது. எங்கே குறை, எவ்வளவு, சரிசெய்ய முடியுமா, முடியாதென்றால் திருப்பி அனுப்ப இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, இவ்வளவும் சொன்னால்தான் விமர்சனம். கூட உட்கார்ந்து உப்புத்தாள் பிடித்தால் அது நட்பு.

சரிசெய்த கிடாரைக் கொண்டுபோய் அதே திண்ணையில் அவனிடம் கொடுத்தேன். வாங்கி, எஃப் பிடித்தான். முதல் தடவையே வந்தது. ஆறு கம்பியும் பேசின. அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கட்டையைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டான்:

"அன்னைக்கே உனக்குத் தெரியுமாடா?"

தெரியும் என்றேன். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். அது திரும்பவும் பரணில்தான் இருக்கிறது.