விருந்தும் விடுதியும்

சென்ற மாதம் கல்வித் திணைக்களத்துக் கருமமொன்றின் பொருட்டுக் கொழும்புக்குச் சென்ற எனக்கு, வெள்ளவத்தையிலே கடற்கரைக்கு அணித்தான ஒழுங்கையொன்றில் உள்ள தங்குவிடுதியில் நான்கு இரவுகள் கழிக்க நேர்ந்தது. விடுதியின் பெயரை ஈண்டுக் கூறேன். கூறின், அஃதொன்றே குற்றமுடையது, ஏனையவெல்லாம் குற்றமற்றன என வாசகர் கருதிவிடவும் கூடும்.

நான்கு நாளைக்குரிய வாடகையையும் முன்னதாகவே எண்ணி வாங்கிக்கொண்ட பின்னரே திறப்பைத் தந்தனர். அறை மூன்றாம் மாடியில். மின்தூக்கியின் கதவிலே "திருத்தவேலை நடைபெறுகின்றது" என்றொரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. அக்காகிதம் மஞ்சள் பூத்து, ஓரஞ் சுருண்டு கிடந்தமையால், வேலை நெடுங்காலமாகவே நடைபெற்று வருகின்றதென ஊகித்துக்கொண்டு படியேறினேன். குளியலறையில் வெந்நீர்க் குழாய்க்குச் செந்நிறக் குறியும், தண்ணீர்க் குழாய்க்கு நீலக் குறியும் இட்டிருந்தார்கள். நிறத்தளவிலன்றி நீரளவில் இரண்டுக்கும் வேற்றுமை யாதுமில்லை. இரவு பத்து மணிக்குப் பின்னர் இரண்டுமே வறண்டன. யன்னல் மூடாது, ஆதலின் நுளம்புகளுக்குத் தடையில்லை. மின்விசிறி சுழன்றது, ஆயினும், காற்றினும் ஓசையே மிகுதி.

கீழே சென்று முறையிட்டேன். மேசையில் இருந்த இளைஞன், "ஐயா, அதெல்லாம் முதலாளிதான் பாக்கவேணும்" என்றான். முதலாளி எங்கே என்றேன். "அவர் கனடாவில" என்றான்.

இவ்வளவும் என்னைப் பொறுத்தமட்டிற் பெரிதன்று. ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டு கழித்தவன் உடைந்த கதிரைக்கும் ஒழுகும் கூரைக்கும் புதியவனல்லன். என்னை எழுதத் தூண்டியது அடுத்த அறை.

அங்கே வன்னிப் பகுதியிலிருந்து வந்த ஓர் அம்மையார், நோயுற்ற கணவரோடு தங்கியிருந்தார். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையிலே அவருக்குக் கதிர்ச் சிகிச்சை. இச்சிகிச்சை ஒரே நாளில் முடிவதன்று. வாரநாள்தோறும் சிறிது சிறிதாகப் பல வாரங்கள் அளிக்கப்படுவது. ஒவ்வொரு நாளும் சில நிமிடங்களே செல்லுமாதலின், நடக்க இயலும் நோயாளிக்கு வைத்தியசாலையிற் கட்டில் கிடைப்பது அரிது. வெளியிலிருந்தே வந்து போதல் வேண்டும். கொழும்பைச் சூழ உள்ளவனுக்கு அதனால் இடரில்லை. வன்னியிலிருந்து வந்தவன் எங்கே போவான்? மொழி விளங்கும், சோறு ஒத்துவரும் என்னும் இரு காரணங்களால் வெள்ளவத்தைக்கு வருகின்றான்.

அம்மனிதரை நாளுக்கு இருமுறை மூன்று மாடி ஏற்றி இறக்கும் காட்சியைக் கண்டேன். ஒரு நாள் நானும் ஒரு கை கொடுத்தேன். கீழ்த்தளத்தில் அறையொன்று இருந்தது. குளிரூட்டி பொருத்திய அவ்வறை, வெளிநாட்டிலிருந்து வருவோருக்கென ஒதுக்கப்பட்டதாம், வாடகை இருமடங்கு. யான் தங்கிய நான்கு நாளும் அது பூட்டியே கிடந்தது.

இதனினும் கொடிது ஒன்றுண்டு. நோயாளிக்குக் கஞ்சியும் வெந்நீருமே தொண்டையில் இறங்கின. அதற்காக அம்மையார் ஊரிலிருந்து கொண்டுவந்த மின்கேத்திலை, மின்கட்டணம் ஏறும் என்று காரணங்காட்டி வாங்கி வைத்துக்கொண்டனர். வெந்நீர் வேண்டுமாயின் போத்தல் ஒன்றுக்கு நூறு ரூபா. "தம்பி, நோயாளிக்கல்லவா?" என்று பரிந்து பேசினேன். "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே மாஸ்டர்" என்றான். அவனை நோவதிற் பயனில்லை. இரவிலே அவன் அம்மேசைக்குப் பின்னாலே வெறுந்தரையிற் பாய்விரித்து உறங்குவதையும் கண்டேன்.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பின் அறியாதவனாய்ப் புதிதாக வந்தவனே விருந்து. உறவினன் வருவது விருந்தன்று. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். யாழ்ப்பாணத்தார் அதனை ஏட்டளவில் வைத்திராது கல்லிலும் சுண்ணத்திலும் எழுதினர். தெருவோரத்தே மடம், அதனருகே கேணி, தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பை உராய்ந்துகொள்ள ஆவுரஞ்சிக்கல். மாட்டின் தினவையும் எண்ணிப் பார்த்த சமூகம் அது! பருத்தித்துறையிலே தெருவையே கூரையாக மூடி நிற்கும் தெருமூடிமடத்தை இன்றும் காணலாம். கடல் கடந்து சிதம்பரத்திலும் நம்மவர் மடம் அமைத்தனர்.

விடுதி நடத்துதல் வாணிகம், அறமன்று எனச் சிலர் கூறுவர். ஒப்புக்கொள்கின்றேன். வாணிகமாயின் வாங்கிய பணத்துக்குரிய பொருளைத் தருதல் வேண்டும். நீரில்லாக் குழாயை விற்பவன், கல்லைக் கலந்து அரிசி விற்பவனுக்கு எவ்வகையிற் குறைந்தவன்? ஆயின், வாணிகனிடம் அறத்தை எதிர்பார்த்து நிற்கும் நிலைக்கு நோயாளியைத் தள்ளியவர் யார் என்பதும் எண்ணற்பாலது.

கொழும்பு விடுதிகளுக்கும் நம்மவருக்கும் உள்ள தொடர்பு இன்பச் சுற்றுலாவால் வந்ததன்று. கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் சிறைப்பட்ட மகனைக் காண்பதற்குமாக அவற்றிலே காத்துக் கிடந்தோம். 2007 ஆம் ஆண்டு யூன் 7 ஆந் திகதி, அவ்விடுதிகளிலிருந்த 300 இற்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. அந்நாளில் விடுதியில் இருந்தவன் பிறர் கைக்கு அஞ்சினான். இந்நாளில் ஒரு போத்தல் வெந்நீருக்காக நம்மவர் கையையே பார்த்து நிற்கின்றான்.

கோபுரங்கள் உயர்கின்றன, திருவிழாக்கள் ஒளிர்கின்றன, வெளிநாட்டுப் பணம் ஊர்தோறும் வருகின்றது. யான் சைவன், கோபுரத்தை வெறுப்பவனல்லன். ஆயினும், அப்பணத்தில் ஒரு பங்கு மகரகமைக்கு அயலிலே ஒரு மடமாக எழுமாயின், அதுவும் திருப்பணியே. பெருமாளிகை வேண்டாம், பத்து அறை போதும். படியேற வேண்டாதபடி அத்தனையும் நிலத்தோடு இருத்தல் வேண்டும். கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பும், இராப்பகல் வெந்நீரும், வைத்தியசாலையில் மருத்துவர் சிங்களத்திற் சொல்வதைத் தமிழில் எடுத்துரைக்க ஒருவரும் வேண்டும். எம்மதத்தவர் வரினும் பாய் விரித்தல் வேண்டும். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இதுபற்றிக் கூடிப் பேசுமாயின், யானும் வருவேன். முதற்பங்காக எனது ஒரு மாதச் சம்பளத்தையும் கொண்டுவருவேன்.