நின்று நின்று நடப்போருக்கு ஏற்ற நடை

நாள்பட்ட நுரையீரல் நோயுள்ளவர்களிடம், "தினமும் நடக்கிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை இதுதான்: "கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்குது டாக்டர். வழியில நின்னு நின்னு போனா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" இந்த விடையில் இரண்டு துன்பங்கள் உள்ளன. மூச்சுத்திணறலுக்கு மருந்து உண்டு. கூச்சத்திற்கு நாம் எழுதித் தரும் மருந்து எதுவும் இல்லை.

அந்தக் கூச்சத்தின் விளைவு சிறிதன்று. சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர், மூச்சு வாங்கும் என்று அஞ்சி வீட்டிலேயே அமர்ந்துவிடுகிறார். பயன்படுத்தாத கால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசைகளுக்குச் சிறு வேலையும் பெருஞ்சுமையாகிறது. முன்னர் மாடிப்படியில் வந்த மூச்சிரைப்பு இப்போது குளியலறைக்குச் செல்லும்போதே வருகிறது. இச்சுழலை உடைக்கும் மிகச் சிறந்த வழிகளுள் ஒன்று, மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சியை மையமாகக் கொண்ட நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை என்பது மருத்துவ உலகில் ஐயமின்றி ஏற்கப்பட்ட உண்மை. ஆனால் மருத்துவமனையில் சில வாரங்கள் செய்த பயிற்சியைப் பலரும் வீடு திரும்பியதும் விட்டுவிடுகின்றனர்.

இந்த இடத்தில்தான் வழிகாட்டியுடன் செல்லும் பறவை நோக்கு நடையை நான் பரிந்துரைக்க விரும்புகிறேன். அதன் இயல்பே நின்று நின்று நடப்பது. வழிகாட்டி கையை உயர்த்தினால் குழுவினர் அனைவரும் நிற்கின்றனர். மரக்கிளையில் வால்காக்கையோ குளக்கரையில் மீன்கொத்தியோ தென்பட்டால் சில நிமிடங்கள் ஒருவரும் நகர்வதில்லை. அந்த இடைவெளியில் மூக்கால் மூச்சை இழுத்து, உதடுகளைக் குவித்து மெல்ல வெளிவிடும் பயிற்சியைச் செய்துகொள்ளலாம். ஏன் நின்றீர்கள் என்று கேட்பார் இல்லை. நோயுள்ளவரும் நலமுள்ளவரும் ஒரே வேகத்தில் செல்லும் அரிய நடை இது.

இயற்கையோடு பழகுவதால் நலம் விளைகிறது என்பதற்குச் சான்றுகள் சேர்ந்து வருகின்றன. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு, வாரத்தில் 120 நிமிடங்களேனும் இயற்கைச் சூழலில் கழிப்போர் நல்ல உடல்நலமும் மனநிறைவும் கொண்டிருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு மிகுதி எனக் கண்டது. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளில், 2018 முதல் மருத்துவர்கள் வழக்கமான சிகிச்சையுடன் இயற்கை நடைகளையும் பரிந்துரைக்கின்றனர். இவை தொடர்பைக் காட்டுகின்றனவே அன்றி நோய் தீரும் என்று நிறுவவில்லை. எனவே இன்ஹேலரையோ மாத்திரையையோ நிறுத்திவிட்டு நடைக்குச் செல்லலாம் என்று எவரும் கொள்ளலாகாது. நடை மருந்துக்குத் துணை, மாற்று அன்று.

உடனிருந்து பராமரிப்போரையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் நோயாளியைக் கவனிக்கும் மனைவிக்கோ மகளுக்கோ, மாத்திரை, சளி, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைத் தவிரப் பேசுவதற்கு வேறொன்றும் எஞ்சுவதில்லை. இருவரும் சேர்ந்து செல்லும் நடையில் கவனம் சிறிது நேரம் வேறிடம் செல்கிறது. கூவுவது கரிய ஆண்குயில், புள்ளிகள் நிறைந்த பழுப்புப் பறவை அதன் பெண் என்று அறிந்துகொண்டவர்கள், வீடு திரும்பிய பின்னும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

செல்ல விரும்புவோர் சிலவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல், நெஞ்சுவலி, சளியின் நிறமாற்றம் இருந்தால் செல்ல வேண்டாம். உடனடி நிவாரண இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கட்டும். தொலைநோக்கியைத் தூக்கிப் பிடிக்கும்போது மூச்சிரைப்பு கூடக்கூடும்; கைகளைத் தாங்கலின்றி உயர்த்துவது மூச்சுக்கு உதவும் தசைகளுக்குச் சுமை. முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள், அல்லது வெறுங்கண்ணால் பாருங்கள். போகிப் புகையும் மார்கழிப் பனியும் சூழ்ந்த காலைகளையும், குப்பை எரியும் இடங்களையும் தவிருங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்த வேண்டும். பறவைகளைப் பார்ப்பது வேறு, புறாக்களுக்கு மாடத்தில் தீனியிட்டுப் பழக்குவது வேறு. புறா எச்சத்தின் தூசியையும் இறகுத் துகளையும் தொடர்ந்து சுவாசிப்பதால் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி உண்டாகி, நாளடைவில் மீளாத தழும்பாகவும் மாறுகிறது. திறந்த வெளியில் தொலைவிலிருந்து பார்ப்பதில் அந்த அச்சம் இல்லை.

இந்நடைகளை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். சென்னையில் 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளும் ஆர்வலர் குழுக்களும் களப் பயணங்களை நடத்தி வருகின்றன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் வேடந்தாங்கலும் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. காண்பதற்கு நமக்குக் குறைவில்லை. ஆயினும் விடியற்காலையில் தொடங்கி மூன்று மணி நேரம் நீளும் நடையில் எழுபது வயது நுரையீரல் நோயாளி எவ்வாறு சேர்வார்? மாதம் ஒருமுறையேனும் சமதளப் பாதையில், அமர இருக்கையும் கழிப்பறையும் உள்ள இடத்தில், ஒரு மணி நேரத்திற்குள் முடியும் நடை ஒன்று வேண்டும். இதற்கான ஏற்பாட்டில் மருத்துவமனைகளுக்கும் பங்குண்டு. நோயாளி வீடு திரும்பும்போது தரும் அறிவுரைத் தாளில் "நடக்கவும்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எங்கே, எப்போது, யாருடன் என்பதையும் எழுதித் தருதல் வேண்டும்; முதல் நடைக்கு ஓர் இயன்முறை மருத்துவரை உடன் அனுப்புதல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவைப்படாது.

வெளியே செல்ல இயலாதவர்களும் விலகி நிற்க வேண்டியதில்லை. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. குறைந்தது 15 நிமிடங்கள் ஓரிடத்தில் இருந்து, காணும் பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால் போதும். மொட்டைமாடியிலோ சன்னலோரத்திலோ நாற்காலியில் அமர்ந்தே செய்யலாம். காகமும் மைனாவும் தவிட்டுக்குருவியும் கூட அந்தக் கணக்கில் சேரும்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, மருந்துகளைப் பற்றிக் கேட்டு முடித்ததும், "நான் எவ்வளவு தூரம் நடக்கலாம்?" என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அந்தத் தூரத்திற்குள் மரமோ குளமோ உள்ள ஓர் இடம் இருக்கிறதா என்பதை உங்களை அழைத்து வருபவரோடு சேர்ந்து தேடுங்கள்.